எந்தப் பலகை வாங்குவது?



சென்ற மாதம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாணவர் சொற்போர் ஒன்று நடைபெற்றது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் என்ற ஒரே தகுதியைக் கருதி, தலைமை தாங்க என்னை அழைத்திருந்தார்கள். ‘டேப்லெட் எனப்படும் பலகைக் கணினிக்கு முதன்மையாக வேண்டுவது நீடித்து உழைக்கும் மின்கலமா, நிறைந்த வசதிகளா?’ என்பது தலைப்பு. இரு தரப்பிலும் மும்மூன்று பேர். விளம்பரத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். ஒருவர் எட்டாயிரம் என்றார்; மற்றவர் நூற்றிருபது என்றார். ஒரு தரப்பு சொன்ன எண்ணை மறு தரப்பு என்னவென்று கேட்கவில்லை. எட்டாயிரம் எதனுடைய அளவு, நூற்றிருபது எதனுடைய அளவு என்று அவையில் எவரும் விளக்கவும் இல்லை. ஆயினும் கைதட்டலுக்குக் குறைவில்லை.

முடிவுரை கூறும் நேரம் வந்தது. இத்தகைய மேடைகளில் தலைவர்கள் வழக்கமாகக் கூறும் தீர்ப்பு ஒன்று உண்டு: இரு கண்களில் எந்தக் கண் உயர்ந்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்று சிரித்து விடைபெறுவது. நானும் அதையே சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன்.

வாசலில் மேல்நிலை முதலாண்டு படிக்கும் மாணவி ஒருத்தி நின்றிருந்தாள். “ஐயா, தாங்கள் தீர்ப்பே சொல்லவில்லையே?” என்றாள். ஏன் அம்மா என்று கேட்டேன். அவளுடைய தந்தையார் தையல் தொழில் செய்பவர். மாதந்தோறும் சீட்டுக் கட்டிப் பதினைந்தாயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறார். அந்தப் பணத்தில் மகளுக்கு ஒரு டேப்லெட் வாங்கித் தர எண்ணியிருக்கிறார். கடைக்காரர் இரண்டைக் காட்டியிருக்கிறார். எதை எடுப்பது என்று தெரியாமல், சொற்போரைக் கேட்டால் விளங்கும் என்று அவள் வந்திருந்தாள். என் நகைச்சுவையால் அவளுக்கு ஒரு பயனும் விளையவில்லை. எனக்கு நாணமாயிற்று. சில நாள் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன். அன்று தரத் தவறிய தீர்ப்பையே இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் கூற முற்படுகிறேன்.

முதலில் அந்த எட்டாயிரத்தைப் பார்ப்போம். மின்கலத்தின் மேல் 8,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருப்பார்கள். இது மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கி வரும் அளவு. ஆனால் மின்கலத்தில் அடங்கியுள்ள ஆற்றல் எவ்வளவு என்பதை இது மட்டும் சொல்லாது. மேல்நிலைத் தொட்டியில் உள்ள நீரின் அளவைச் சொல்லி, அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது போன்றது இது. அந்த உயரத்திற்கு ஒப்பானது மின்னழுத்தம். இரண்டையும் பெருக்கினால்தான் ஆற்றல் கிடைக்கும். அதற்கு அலகு வாட்-மணி. 8,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது 8 ஆம்பியர்-மணி. மின்னழுத்தம் 3.8 வோல்ட் எனில், 8 பெருக்கல் 3.8, அதாவது 30.4 வாட்-மணி. இரண்டு மின்கலங்களை ஒப்பிட வேண்டுமானால் இந்த வாட்-மணியைக் கொண்டே ஒப்பிட வேண்டும்.

தொட்டி எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும் அல்லவா? கருவி வினாடிக்கு வினாடி உண்ணும் ஆற்றலே வாட் எனப்படுவது. வாட்-மணியை வாட்டால் வகுத்தால் மணி நேரம் கிடைக்கும். கணக்கு இவ்வளவுதான். ஆறாம் வகுப்பு மாணவனும் செய்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். முதற் கருவியில் 8,000 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் இருக்கிறது. அது சராசரியாக 5 வாட் உண்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30.4-ஐ 5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6 மணி நேரம். இரண்டாம் கருவியில் இருப்பது 7,000 மட்டுமே. ஆனால் அது உண்பது 3 வாட். 7 பெருக்கல் 3.8 என்பது 26.6 வாட்-மணி. அதை 3-ஆல் வகுத்தால் 8 மணி 50 நிமிடத்திற்கு மேல் வருகிறது. சிறிய தொட்டி பெரிய தொட்டியை வென்றுவிட்டது. ஆகவே விளம்பரத்தில் பெரிய எண்ணைக் கண்டதும் ‘இதுவே நீடித்து உழைக்கும்’ என்று முடிவு கட்டுவது தவறு. சொற்போரில் மின்கலத் தரப்பினர் செய்த பிழை இதுவே.

இனி அந்த ஆற்றலை உண்போர் யார் என்று பார்ப்போம். வசதிகள் என்று நாம் கூறுபவை யாவும் அந்தத் தொட்டியிலிருந்தே நீர் எடுக்கின்றன. அவற்றுள் பெரும்பசி உடையது திரை. பெரும்பாலான டேப்லெட்டுகளின் திரை திரவப் படிகத் திரையாகும். அதன் பின்னால் ஒரு விளக்கொளி எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். திரையில் இருட்டான காட்சியைக் காட்டினாலும், பின்னால் உள்ள ஒளி எரியத்தான் செய்யும். முன்னால் உள்ள படிகங்கள் அதை மறைக்கின்றன, அவ்வளவே. ஓஎல்இடி என்னும் மற்றொரு வகையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. கருமை வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்துவிடும். ஆகவே கறுப்புப் பின்னணி அங்கே ஆற்றலை மிச்சப்படுத்தும். எவ்வகையாயினும், வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டச் செலவும் கூடும். திண்ணையில் வெயில் எதிரொளிக்க அமர்ந்து படிப்பவன், அறையின் நிழலில் அமர்ந்து படிப்பவனைக் காட்டிலும் விரைவில் தன் மின்கலத்தைத் தீர்த்துவிடுவான்.

சொற்போரில் கேட்ட நூற்றிருபதும் திரையைச் சேர்ந்ததே. திரை ஒரு வினாடியில் எத்தனை முறை தன் படத்தைப் புதுப்பிக்கிறது என்பதன் அளவு அது. 60 முறைக்குப் பதில் 120 முறை புதுப்பித்தால், எழுத்துகளை மேலும் கீழும் நகர்த்தும்போது அசைவு வழுக்கிச் செல்வது போல் இருக்கும். பேனாவால் எழுதும்போது கோடு பின்தங்காமல் வரும். அது மெய்யான வசதியே. ஆனால் இருமடங்கு புதுப்பிப்பதற்கு வேலையும் மிகுதி, செலவும் மிகுதி. அசையாத ஒரு பக்கத்தைப் படிப்பவருக்கு அதனால் பயன் சிறிதும் இல்லை. இதனாலேயே உயர்ந்த கருவிகள் சில, வேண்டும்போது மட்டும் 120-க்கு உயர்ந்து, மற்ற வேளையில் தாமே தணிந்துகொள்ளுமாறு அமைக்கப்பட்டிருக்கின்றன.

அடுத்த பசி நுண்செயலியின் பசி. இயற்பியல் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். நுண்செயலி இயங்கும்போது உண்ணும் ஆற்றல் அதன் வேகத்திற்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்திலும் அமையும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு உயர்த்த, மின்னழுத்தத்தையும் ஐந்தில் ஒரு பங்கு உயர்த்த நேர்ந்தது என்று கொள்வோம். 1.2 பெருக்கல் 1.2 பெருக்கல் 1.2. விடை ஏறத்தாழ 1.73. இருபது விழுக்காடு வேகத்திற்கு எழுபத்து மூன்று விழுக்காடு கூடுதற் செலவு! ஓடுகிறவன் மூச்சிரைப்பது போலத்தான் இதுவும்.

மூன்றாவது, செய்தித்தொடர்புக்கான வானலை. கோபுரம் தொலைவில் இருந்து அலை மெலிந்திருந்தால், கருவி உரத்துக் கூவ வேண்டியிருக்கும். அவ்வளவுக்கு மின்கலம் கரையும். பாடத்தை வீட்டில் ஒருமுறை இறக்கிச் சேமித்து வைத்துக்கொண்டு படிப்பவன், ஒவ்வொரு முறையும் வலையிலிருந்து வரவழைத்துப் பார்ப்பவனை விடச் சிக்கனக்காரன்.

இவ்வளவும் சரி, பெரிய மின்கலம் ஒன்றை வைத்துவிட்டால் எல்லா வசதியும் தந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். இக்கேள்விக்கு விடை வேதியியலில் இருக்கிறது. இன்றைய டேப்லெட்டுகளில் உள்ளது லித்தியம் அயனி மின்கலம். இலிதியம் என்னும் மிக இலேசான உலோகத்தின் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சென்றும் திரும்பியும் ஊசலாடுவதே அதன் இயக்கம். 1970-களில் ஸ்டான்லி விட்டிங்காம் இதற்கு அடிகோலினார். 1980-இல் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டு மின்னழுத்தத்தை உயர்த்திக் காட்டினார். 1985-இல் ஜப்பானிய அறிஞர் அகிரா யோஷினோ பாதுகாப்பாகப் பயன்படுத்தத் தக்க வடிவத்தைச் செய்தார். 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அறிஞர் மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97.

1991-இல் இருந்ததைக் காட்டிலும் இன்று ஒரு கிலோ எடையில் அடைக்கக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகியுள்ளது. ஆனால் நுண்செயலியின் வளர்ச்சியைப் பாருங்கள். 1989-இல் வெளிவந்த இன்டெல் 486-இல் பன்னிரண்டு லட்சம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2024-இல் ஐபாட் புரோவில் வந்த எம்4-இல் 2,800 கோடி. இருபதாயிரம் மடங்கிற்கு மேல்! ஒரு தம்பி ஆமை போல் நகர, மற்றொரு தம்பி குதிரை போல் பாய்கிறான். இருவரையும் ஒரே வண்டியில் பூட்டி ஓட்டுவதே கருவி அமைப்போர் படும் பாடு. மின்கலமா, வசதியா என்ற சண்டையின் வேர் இதுவே.

இதனை ஒரு வரலாற்றுச் சான்றால் விளக்குகிறேன். 2010 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஐபாட் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 9.7 அங்குலத் திரை. 25 வாட்-மணி மின்கலம். பத்து மணி நேரம் உழைக்கும் என்பது நிறுவனத்தின் வாக்கு. கணக்கிட்டுப் பாருங்கள்: சராசரிச் செலவு 2.5 வாட்தான். நம் வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி விளக்கை அந்த மின்கலத்தால் மூன்று மணி நேரம் கூட எரிக்க முடியாது. அவ்வளவு சிக்கனமாக இயங்கும்படி அதை அமைத்திருந்தார்கள்.

2012 மார்ச்சில் மூன்றாம் ஐபாட் வந்தது. அதன் பெருமை திரை. முந்தைய திரையில் 1024-க்கு 768, அதாவது 7,86,432 படப்புள்ளிகள். புதியதில் 2048-க்கு 1536, அதாவது 31,45,728. சரியாக நான்கு மடங்கு. அச்சிட்ட நூலைப் போல எழுத்துகள் கூர்மையாகத் தோன்றின. ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன? பத்து மணி நேரம் என்ற வாக்கைக் காப்பாற்ற 25 வாட்-மணி மின்கலத்தை 42.5 வாட்-மணி ஆக்க வேண்டியதாயிற்று. எழுபது விழுக்காடு கூடுதல். எடை 601 கிராமிலிருந்து 652 கிராம் ஆயிற்று, கனம் 8.8 மில்லிமீட்டரிலிருந்து 9.4 ஆயிற்று. மின்னேற்றியோ பழைய 10 வாட் மின்னேற்றியே. பெரிய தொட்டியைப் பழைய குழாயால் நிரப்ப நெடுநேரம் ஆயிற்று. ஏழு திங்களில் அதற்கு மாற்றாக நான்காம் ஐபாட் வந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2024-இல் வந்த 11 அங்குல ஐபாட் புரோவின் மின்கலம் 31.29 வாட்-மணி, வாக்கு இன்றும் அதே பத்து மணி நேரம். இதன் பொருள் யாது? நுண்செயலியிலும் திரையிலும் கிடைத்த சிக்கனம் முழுவதையும் நிறுவனத்தார் நேரமாகத் திருப்பித் தரவில்லை. வேகமாகவும் ஒளியாகவும் மெலிவாகவும் தந்தார்கள். பத்து மணி நேரம் போதும் என்று அவர்கள் ஓர் எல்லை வகுத்துக்கொண்டார்கள்.

இந்தச் சண்டை அக்காலத்தில் வெளிப்படையாகவே நடந்தது. 2010-இல் வலைத்தளங்களில் அசையும் படங்களும் விளையாட்டுகளும் பெரும்பாலும் அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் என்னும் மென்பொருளைக் கொண்டு காட்டப்பட்டன. ஐபாடில் ஃபிளாஷுக்கு இடமில்லை. அதன் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரல் 29-ஆம் நாள் ஒரு வெளிப்படைக் கடிதம் எழுதி, அதற்குக் காரணங்கள் பல கூறினார். அவற்றுள் ஒன்று மின்கலம். படத்தை விரித்துக் காட்டும் வேலையை அதற்கென்றே அமைந்த தனிச் சுற்றிடம் விட்டால் ஐபோனில் பத்து மணி நேரம் வரை படம் ஓடும். பொது நுண்செயலியே மென்பொருளால் அதைச் செய்தால் ஐந்து மணி நேரம் கூட வராது என்பது அவர் வாதம்.

போட்டி நிறுவனங்கள் சும்மா இருக்குமா? அதே ஆண்டு இறுதியில் சாம்சங் தன் ஏழு அங்குலக் கேலக்ஸி டேபைக் கொண்டுவந்தது. 380 கிராம் எடை, முன்னும் பின்னும் புகைப்படக் கருவி, நினைவட்டை செருக இடம், ஃபிளாஷும் உண்டு. 2011 ஏப்ரலில் வந்த பிளாக்பெர்ரி பிளேபுக்கும் ஃபிளாஷை ஒரு சிறப்பாக எடுத்துக் கூறியது. முதல் ஐபாடில் புகைப்படக் கருவியே இல்லை. வசதித் தரப்பினர் இதையெல்லாம் சுட்டிக்காட்டி, இல்லாத ஒன்றுக்கு மின்கலத்தைச் சாக்குச் சொல்லலாமா என்று கேட்டனர். போட்டிக்காகச் சொல்லப்படும் சாக்கு என்று அடோபி தரப்பினரும் மறுத்தனர்.

காலம் என்ன தீர்ப்பளித்தது? 2011 நவம்பரில், கைக்கருவிகளின் உலாவிகளுக்கு ஃபிளாஷை மேலும் வளர்ப்பதில்லை என்று அடோபி அறிவித்தது. 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு ஃபிளாஷுக்கான ஆதரவையே முடித்துக்கொண்டது. அங்கே சிக்கனத் தரப்பு வென்றது. ஆனால் புகைப்படக் கருவி? 2011 மார்ச்சில் வந்த இரண்டாம் ஐபாடில் இரண்டு புகைப்படக் கருவிகள் இருந்தன! அங்கே வசதித் தரப்பு வென்றது. வேண்டும்போது மட்டும் உண்டு, மற்ற நேரத்தில் சும்மா இருக்கும் வசதி நிலைத்தது. எப்போதும் உண்டுகொண்டே இருந்து, அதே பயனை வேறு வழியில் மலிவாகப் பெற முடிந்த வசதி மறைந்தது. வசதிகளை எடைபோட இதைவிட நல்ல படிக்கல் வேறில்லை.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2011 அக்டோபர் 5-ஆம் நாள் புது டில்லியில் ஆகாஷ் என்னும் மலிவு விலை டேப்லெட் மாணவர்களுக்கென வெளியிடப்பட்டது. ஏழு அங்குலத் திரை. 2,100 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம். 3.7 வோல்ட் என்று கொண்டால் எட்டு வாட்-மணிக்கும் குறைவு. ஐபாடின் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. நோக்கம் உயர்ந்தது. ஆயினும் மின்கலம் விரைவில் தீர்வதும், நுண்செயலி மெதுவாக இயங்குவதும், அழுத்தித் தொட்டால்தான் திரை உணர்வதும் குறைகளாகப் பேசப்பட்டன. அடுத்த ஆண்டே மேம்பட்ட இரண்டாம் ஆகாஷ் வந்தது. விலையைக் குறைக்கும்போது மின்கலத்தையும் வசதியையும் சேர்த்தே குறைக்க நேர்கிறது. ஆகவே ஏழை மாணவனுக்கு இந்தச் சொற்போர் பொழுதுபோக்கு அன்று.

இதற்கு நேர்மாறான கருவியும் உண்டு. 2007 நவம்பரில் வந்த கிண்டில் போன்ற மின்நூல் படிப்பான்கள் மின்மைத் திரையைக் கொண்டவை. பக்கம் மாறும்போது மட்டும் திரை ஆற்றலை உண்ணும். மாறிய பக்கம் செலவின்றி அப்படியே நிற்கும். பிற்கால மாதிரிகள் வாரக்கணக்கில் உழைக்கின்றன. ஆனால் அவற்றில் அசையும் படப் பாடம் காண இயலாது. மின்கலமே முதன்மை என்பவர் தம் கொள்கையில் இறுதிவரை செல்வதானால் அதைத்தான் வாங்க வேண்டும். அவரும் வாங்கமாட்டார்! பேசிய மூவரில் எவரும் அதை வாங்குவேன் என்று கூறவில்லை.

இதுகாறும் ஒரு நாளின் உழைப்பைப் பற்றியே பேசினோம். மின்கலத்தின் ஆயுள் என்ற சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. அது எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பது. முழுதும் ஏற்றி முழுதும் தீர்ப்பதை ஒரு சுற்று என்பர். சுற்றுகள் ஏற ஏற, மின்கலம் ஏற்கும் ஆற்றல் குறைந்துகொண்டே வரும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். நூறு விழுக்காட்டிலேயே நெடுநாள் நிறுத்தி வைப்பதும் நல்லதன்று. மின்னேற்றும்போது கருவியைத் தலையணைக்கு அடியில் வைப்பதும், வெயில் படும் சன்னலோரத்தில் வைப்பதும் அதன் ஆயுளைக் குறைப்பனவே. இயன்ற அளவில் இருபதுக்கும் எண்பதுக்கும் இடையே வைத்து ஆளுவது நன்று.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20-ஆம் நாள் முதல், விற்பனைக்கு வரும் டேப்லெட்டுகள் ஒரு சீட்டைத் தாங்கி வர வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். ஒருமுறை ஏற்றினால் எத்தனை மணி, எத்தனை நிமிடம் உழைக்கும், எத்தனை சுற்றுகள் தாங்கும், பழுது பார்ப்பது எளிதா என்பன அதில் இருக்கும். எல்லா நிறுவனத்தாரும் ஒரே முறையில் அளந்து எழுத வேண்டும். 800 சுற்றுகளுக்குப் பிறகும் எண்பது விழுக்காடு ஏற்கும் திறன் மிஞ்ச வேண்டும் என்பதும் விதி. நாளொன்றுக்கு ஒரு சுற்று என்றால் அது இரண்டு ஆண்டுகளுக்கு மேல். துணியை அளக்க ஒரே முழக்கோல் இருந்தால்தான் இரு கடைத் துணியை ஒப்பிட முடியும். அந்த முழக்கோலைச் சட்டத்தால் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் கடைகளில் அத்தகைய சீட்டைக் காணாத மாணவர்களும் தாமே அளந்து பார்க்கலாம்.

வழி எளிது. வாங்க நினைக்கும் வகைக் கருவி தெரிந்தவர் எவரிடமாவது இருக்கும். இரண்டையும் அருகருகே வையுங்கள். திரை வெளிச்சத்தைக் கண்ணுக்கு ஒத்திருக்குமாறு சமப்படுத்துங்கள். ஒரே பாடப் படத்தை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். தொடங்கும்போதும் முடியும்போதும் விழுக்காட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று 16 விழுக்காடு இறங்கினால் அது ஆறு மணி நேரக் கருவி. மற்றொன்று 11 இறங்கினால் அது ஒன்பது மணி நேரக் கருவி. நூறை அந்த எண்ணால் வகுத்தால் விடை வந்துவிடும். விளம்பரம் என்ன சொன்னால் என்ன?

இனித் தீர்ப்புக்கு வருகிறேன். அம்மாணவியிடம் அவளுடைய ஒரு நாளைக் கேட்டேன். பாடப் படங்கள் இரண்டு மணி நேரம். பாடநூல் வாசிப்பு மூன்று மணி நேரம். பயிற்சியும் குறிப்பும் ஒரு மணி நேரம். ஆக ஆறு. மழைக்காலத்தில் மாலை வேளையில் மின்சாரம் நிற்பது அவர்கள் தெருவில் வழக்கம். ஆகவே காலையில் ஏற்றியது இரவு வரை வர வேண்டும். மின்கலம் எண்பது விழுக்காடாகத் தேய்ந்த நாளிலும் ஆறு மணி நேரம் வேண்டுமானால், புதிதில் எவ்வளவு இருக்க வேண்டும்? ஆறை 0.8-ஆல் வகுத்தால் ஏழரை மணி நேரம். நாம் முன்பு எடுத்துக்காட்டாகக் கண்ட இரு கருவிகளுள், எட்டாயிரம் எண்ணுடையது ஆறு மணி நேரம். அது வாங்கிய நாளிலேயே போதாது. ஏழாயிரம் எண்ணுடையது ஒன்பது மணிக்குச் சற்றுக் குறைவு. தேய்ந்த பிறகும் ஏழு மணி நேரம் வரும். எனவே அவளுக்கு 120 வேண்டா, 60 போதும். பாடங்களை இறக்கி வைக்கச் சேமிப்பிடம் வேண்டும், அதில் குறைக்கலாகாது. மென்பொருளை எத்தனை ஆண்டு புதுப்பித்துத் தருவார்கள் என்றும், மின்கலம் தேய்ந்தால் மாற்றித் தர அருகில் இடம் உண்டா என்றும் கேட்டறிய வேண்டும்.

மற்றொரு மாணவனை நினைத்துப் பாருங்கள். பொறியியற் கல்லூரியில் படிக்கிறான். நாள் முழுவதும் மின்னிணைப்புள்ள அறையில் இருக்கிறான். பேனாவால் வரைபடம் வரைகிறான். அவனுக்கு ஆறு மணி நேரம் தாராளம். கோடு பின்தங்காத திரையும் வேகமான நுண்செயலியும் அவனுக்கு ஆடம்பரமல்ல, தொழிற்கருவி. அவனிடம் சிக்கனத்தைப் போதிப்பது, தச்சரிடம் உளியை மழுங்கலாக வாங்கச் சொல்வது போலாகும்.

ஆகவே மின்கலமா, வசதியா என்ற கேள்வி, யாருக்கு, எவ்வேலைக்கு, எவ்விடத்தில் என்ற மூன்றும் இல்லாமல் விடையளிக்கத் தகுந்த கேள்வியே அன்று. அன்று நான் சொன்ன இரு கண் உவமையும் தவறு. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை நிற்பவை அல்ல. ஒரே தொட்டியில் நீர் மொள்ளுகிறவை. ஒன்றுக்கு மிகுதியாக ஊற்றினால் மற்றொன்றுக்குக் குறையும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியோர். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை அளக்காமல் போடலாமா?

அம்மாணவி இப்போது கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நம்புகிறேன். அம்மா, நாளை உன் தந்தையாரோடு நீயும் கடைக்குப் போ. உன் ஒரு நாளின் வேலைப் பட்டியலைத் தாளில் எழுதி எடுத்துக்கொள். வாட்-மணி எவ்வளவு என்று கேள். ஒரு மணி நேரத்தில் எத்தனை விழுக்காடு இறங்குகிறது என்பதை முன்பே அளந்து வைத்துக்கொள். துணியை அளந்து வெட்டும் கை உன் தந்தையாருடையது. இந்தக் கணக்கைச் சொன்னால் அவருக்கு உடனே விளங்கும்.